பாடிப் போகிறவனின் பத்து வருடம்

தை பிறந்ததிலிருந்து வைகாசி கழியும்வரை அன்னூர் வட்டாரத்துச் சுவர்களில் கபடி போஸ்டர் ஒட்டாத வாரம் குறைவு. "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி" என்று மேலே கொட்டை எழுத்து. அதற்குக் கீழே எடைப் பிரிவு, நுழைவுக் கட்டணம், நான்கு பரிசுகள், ஒவ்வொரு பரிசுக்கும் ஓர் உபயதாரர், அவர் நடத்தும் மில் அல்லது ரியல் எஸ்டேட், வகிக்கும் கட்சிப் பதவி. விழாக் குழுவில் உள்ள எல்லார் முகமும் வட்டத்துக்குள் அச்சாகியிருக்கும். ஆடப்போகிறவன் பெயர் மட்டும் எங்கும் இருக்காது.

அவனைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அதிலும் நடுக்கோட்டைத் தாண்டித் தனியாளாகப் பாடிப் போகிற ரெய்டரைப் பற்றி. அவனுக்கு இது ஒரு தொழிலா? எத்தனை வருடம் ஓடும்? ஓடும்போது என்ன கிடைக்கும், நின்ற பிறகு என்ன மிஞ்சும்? ஊரில் இவ்வளவையும் ஒரே கேள்வியில் அடக்கிவிடுவார்கள்: "கபடி சோறு போடுமாங்க?"

2014-க்கு முன்னால் இதற்கு ஒரே பதில்தான்: போடாது, ஆனால் வேலை வாங்கித் தரும். அந்த ஆண்டு ஜூலையில் புரோ கபடி லீக் தொடங்கியதும் பதிலை லட்சத்திலும் கோடியிலும் சொல்ல ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு சீசன் முடிந்த பிறகு பார்த்தால், பெரும்பாலானவர்களுக்குப் பழைய பதில்தான் இன்னும் பொருந்துகிறது. உச்சியில் இருக்கும் சிலரின் விலை பல மடங்கு ஏறிவிட்டது. உள்ளூரில் ஆடுகிறவனின் நிலை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. ரெய்டரின் ஆட்ட ஆயுளோ ஒரு நாள்கூட நீளவில்லை.

வேலை என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆண்களுக்கான களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். எதிரணிக்கு உள்ள பாதி ஆறரை மீட்டர். அந்த இடத்துக்குள் ஏழு பேர் கைகோத்து நிற்கிறார்கள். 30 விநாடிக்குள், மூச்சு விடாமல் பாடிக்கொண்டே உள்ளே போய், நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கும் பாக் லைனைத் தாண்டி, யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எதிரே ஆறு பேராவது இருந்தால் இன்னும் ஒரு மீட்டர் உள்ளே இருக்கும் போனஸ் கோட்டிலும் ஒரு புள்ளி கிடைக்கும். லீக்கில் இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்காவிட்டால் வெளியே போய் உட்கார வேண்டியதுதான். 40 நிமிட ஆட்டத்தில் அணியின் முதல் ரெய்டர் பதினைந்து இருபது முறை இப்படிப் போய் வருவான். ஒவ்வொரு முறையும் வேகமாகப் போய்ச் சட்டென்று நிற்க வேண்டும், ஒற்றைக் காலில் திரும்ப வேண்டும், மூன்று பேர் மேலே விழும்போது கையை நீட்டிக் கோட்டைத் தொட வேண்டும். இத்தனைக்கும் அச்சாக இருப்பது ஒரே மூட்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உலகத்தில் இதற்கு மிக நெருக்கமான வேலை அமெரிக்கக் கால்பந்தில் இருக்கிறது என்பது கொஞ்சம் வேடிக்கையான விஷயம். அங்கே குவாட்டர்பேக் பந்தைக் கையால் எறிவார். களத்தின் ஓரத்திலிருந்து கிளம்பி ஓடி அதைப் பிடிப்பவர் வைடு ரிசீவர். பதினோரு பேர் அணியில் கூட்டத்தின் கண் அதிகம் போவது இந்த இருவர் மேல்தான். ரிசீவரும் ரெய்டரைப் போல ஏமாற்றி ஓடிப் பிழைப்பவர். இடது பக்கம் போவதாகத் தோளைக் காட்டி வலது பக்கம் வெட்டுவார். பந்து கைக்கு வரும் அதே கணத்தில் மேலே பாயத் தடுப்பாளர்கள் காத்திருப்பார்கள். இந்த இடத்தில் எல்லாக் காலத்திலும் பெரியவர் என்று சொல்லப்படும் ஜெர்ரி ரைஸ், மிசிசிப்பி மாநிலத்தில் கிராஃபர்ட் என்ற சிற்றூர்க்காரர். அப்பா கொத்தனார். அப்பாவுக்கு ஒத்தாசையாக நின்று, அண்ணன் தம்பிகள் தூக்கிப் போடும் செங்கல்லைப் பிடித்துப் பழகிய கை அது. 1985 முதல் 2004 வரை 20 சீசன் ஆடி 1,549 பந்துகளைப் பிடித்தார். நிறுத்தும்போது வயது 42.

ரைஸ் விதிவிலக்கு. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் வீரர்கள் சங்கம் சொல்லிவரும் கணக்குப்படி அந்த லீக்கில் ஒருவரின் சராசரி ஆயுள் மூன்று ஆண்டுக்குச் சற்று மேல். ஆக, குறுகிய ஆயுள் கபடிக்கு மட்டும் உள்ள சாபம் அல்ல. ஆனால் அந்த மூன்று ஆண்டைச் சுற்றி அங்கே சில ஏற்பாடுகள் இருக்கின்றன. வீரர்களுக்கென்று சங்கம் இருக்கிறது, அது முதலாளிகளோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போடுகிறது. புதிதாக வந்தவனுக்கும் இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்ற குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. மூன்று சீசன் கணக்கில் ஏறினால் ஓய்வூதியத்துக்கு உரிமை வந்துவிடும். இவற்றில் எதெல்லாம் நம் கபடியில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் நியாயமான ஒப்பீடு. கோடிகளை டாலரோடு வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை.

மில்லும் மண்ணும்

கொங்கு நாட்டில் விளையாட்டுக்குச் செலவழிக்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோவையில் பிஎஸ்ஜி கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை என்று அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிகள் பல காலமாக நடக்கின்றன. இராணுவம், ரயில்வே, வங்கி அணிகளெல்லாம் வந்து ஆடியிருக்கின்றன. தொழிலதிபர் கரிவரதன் இங்கேயே பந்தயக் கார் வடிவமைத்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் கார் பந்தயத் தடம் இருக்கிறது. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஜோர்டான் அணிக்கு ஓட்டியவர், கோவைக்காரர். ஒரு மாவட்டம் ஃபார்முலா ஒன்னுக்கு ஆள் அனுப்பியிருக்கிறது என்றால் அங்கே பணமும் இருந்திருக்கிறது, பைத்தியமும் இருந்திருக்கிறது.

கபடி இந்தப் பட்டியலில் சேரவே இல்லை. சிமென்ட் களம் போடவும் கார் கட்டவும் ஒரு முதலாளி தேவை. கபடிக்கு அறுவடை முடிந்த காடும் கொஞ்சம் சுண்ணாம்பும் போதும். செலவு இல்லாத ஆட்டம் என்பதே அதற்குப் புரவலர் இல்லாமல் போனதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஊர் நோம்பிக்கு உபயம் செய்கிற மில்காரர் கபடிப் பரிசுக்குப் பணம் கொடுப்பார். வருடம் முழுக்கச் சம்பளம் கொடுத்துக் கபடி அணி வைத்துக்கொள்வது அவருக்குத் தோன்றியதில்லை. அதனால்தான் தமிழகக் கபடியின் பெரிய பெயர்கள் வேறு திசைகளிலிருந்து வந்தன. திருவாரூர் மாவட்டத்து வடுவூர், தஞ்சைப் பக்கம், தூத்துக்குடி, திருநெல்வேலி, சென்னையின் குடியிருப்புகள் எல்லாம் நமக்கு முந்தியவை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசன் தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி கிராமத்தவர். அவருக்கும் சோறு போட்டது மின்சார வாரிய வேலை. அவர் வாழ்க்கையை ஒட்டி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன் காளமாடன்' 2025 தீபாவளிக்கு வந்தபோதுதான் இங்கே பல இளைஞர்கள் அவர் பெயரையே கேள்விப்பட்டார்கள். அதற்கு முன் கபடி என்றால் 'கில்லி'யும் 'வெண்ணிலா கபடி குழு'வும்தான். முதலாவதில் நாயகன் கபடியைவிடச் சண்டை அதிகம் போடுகிறான். இரண்டாவதில் களத்திலேயே இறந்துபோகிறான். ஒரு ரெய்டர் வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, வீட்டுக் கடன் கட்டுகிற படத்தை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

அன்னூர் மழையை நம்பிய பூமி. அவிநாசி, புளியம்பட்டி, மேட்டுப்பாளையம் போகும் சாலைகளுக்கு நடுவே பருத்தியும் சோளமும் விளைந்த காடுகள், கிணறு வற்றியதும் தரிசாகின. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குளங்களுக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே ஒரு தலைமுறை நூற்பாலைக்கும் விசைத்தறிக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போய்விட்டது. கபடிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், ஷிப்டு. பதினெட்டு வயதில் மில்லில் கையெழுத்துப் போட்டுவிட்ட பையனுக்கு மாலைப் பயிற்சி வாரம் மாறி வாரம்தான் கிடைக்கும். இரவு ஷிப்டு முடித்துவிட்டுப் பகலில் தூங்கி எழுந்து ஞாயிறு இரவு போட்டிக்குப் போகலாம், கோப்பையும் வாங்கலாம். மாவட்ட அணித் தேர்வுக்குத் தயாராவது வேறு விஷயம். கபடிக்காரன் ஆகிறவன் பெரும்பாலும் வீட்டில் யாராவது ஒருவர் "நீ ரெண்டு வருசம் ஆடிப் பாரு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவன். அந்த ஒருவர் அக்காவாகவோ அம்மாவாகவோ இருப்பதுதான் அதிகம்.

ஏணியின் படிகள்

முதல் படி பள்ளி. பள்ளிக் கல்வித் துறையின் குறுவட்ட, மாவட்டப் போட்டிகள். உடற்கல்வி ஆசிரியருக்குக் கபடியில் ஆர்வம் இருந்தால் பையனுக்கு விடிவு, இல்லாவிட்டால் அங்கேயே முடிந்தது. அடுத்தது எடைக் கபடி. 55 கிலோ, 60 கிலோ, 65 கிலோ என்று ஊர்ப் போட்டிகள் பிரிக்கப்படுவதில் ஒரு நன்மை இருக்கிறது: ஒல்லிப் பையனுக்கும் மேடை கிடைக்கிறது. கேடும் இருக்கிறது. வளர்கிற வயதில் எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளப் பட்டினி கிடப்பான், தண்ணீர் குடிக்காமல் ஓடி வியர்வை வடிப்பான். அப்படியே தராசில் ஏறி, அன்று இரவே நான்கைந்து ஆட்டம் ஆடுவான். புரோ கபடியில் எடை வரம்பு 85 கிலோ. 65-க்குள் உடம்பை அடைத்து வைத்த ரெய்டர் பின்னாளில் எண்பது கிலோ தடுப்பாளர்களின் சங்கிலிக்குள் நுழையும்போது எலும்பு பேசும்.

மூன்றாவது படி 'கெஸ்ட் பிளேயர்'. நல்ல ரெய்டரை அக்கம்பக்கத்து அணிகள் போட்டிக்கு இவ்வளவு என்று பேசி அழைத்துப்போகும். போக்குவரத்து, சாப்பாடு, ஜெயித்தால் பங்கு. அவனுக்கு இதுதான் முதல் கபடிச் சம்பளம். வாயால் பேசிய ஒப்பந்தம், கையில் கொடுத்த பணம், எழுத்தில் எதுவும் கிடையாது. அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவார்கள், பிறகு அவனவன் பாடு. தமிழகத்தில் வருடந்தோறும் எத்தனை மின்னொளிப் போட்டிகள் நடக்கின்றன, அவற்றில் எத்தனை பேருக்குக் காப்பீடு இருக்கிறது என்று யாராவது கணக்கெடுத்தால் அது இந்தக் கட்டுரையைவிடப் பயனுள்ளதாக இருக்கும். 2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் ஓர் ஊர்ப் போட்டியில் பாடிப் போன கல்லூரி மாணவர் களத்திலேயே விழுந்து இறந்தார். அந்தக் காணொளி எல்லார் கைபேசியிலும் சுற்றியது. சில நாள் பரபரப்பு. ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், மருத்துவர் இருக்க வேண்டும் என்றெல்லாம் பேசினார்கள். இன்றும் பல ஊர்களில் அது விழாக் குழுவின் மனசைப் பொறுத்தது.

அதற்கு மேலே கல்லூரி விளையாட்டு ஒதுக்கீடு, பல்கலைக்கழக அணி, மாநில அணி. இங்கே ஏணி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அரசு, ரயில்வே, காவல்துறை, வங்கி வேலைக்குப் போகிறது. மற்றொன்று ஏலத்துக்குப் போகிறது.

ஏலம்

2014-ன் முதல் ஏலத்தில் அதிக விலை போனவர் ராகேஷ் குமார், 12.80 லட்சம் ரூபாய். 2018-ல் மோனு கோயத் 1.51 கோடி. 2022-ல் தமிழ் தலைவாஸ் பவன் செஹ்ராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு அவரே தெலுங்கு டைட்டன்ஸுக்கு 2.605 கோடிக்குப் போனார். பத்து ஆண்டுக்குள் உச்ச விலை இருபது மடங்கு. இந்த எண்கள்தான் அன்னூர் டீக்கடை வரை வருகின்றன. பின் வந்த ஏலங்களில் மேல் பிரிவுக்கு அடிப்படை விலை 30 லட்சம், கடைசிப் பிரிவுக்கு 9 லட்சம் என்பதும், ஏலப் பட்டியலில் பெயர் இருந்தும் யாரும் கை தூக்காமல் திரும்புகிறவர்களே அதிகம் என்பதும் அவ்வளவு தூரம் வருவதில்லை.

உச்சியில் இருப்பவனுக்கும் அது எத்தனை நாள்? பிரதீப் நர்வாலைவிடப் பெரிய ரெய்டர் இந்த லீக்கில் வந்ததில்லை. 2017 சீசனில் மட்டும் 369 ரெய்டு புள்ளிகள். பாட்னா பைரேட்ஸ் தொடர்ந்து மூன்று கோப்பை வென்றதில் அவர் பங்கு பெரிது. தடுப்பாளர்களின் கைச்சங்கிலிக்கு அடியில் குனிந்து நழுவும் 'டுப்கி'யை நாடு முழுக்கச் சிறுவர்கள் அவரைப் பார்த்துத்தான் கற்றார்கள். 2021-ல் யுபி யோதா அவருக்கு 1.65 கோடி கொடுத்தது. 2024-ல் பெங்களூரு புல்ஸ் 70 லட்சத்துக்கு எடுத்தது. 2025 ஏலத்தில் அவர் பெயர் வந்தபோது யாரும் கேட்கவில்லை. 1,800-க்கு மேல் ரெய்டு புள்ளிகளோடு, 28 வயதில் ஓய்வை அறிவித்தார். இருபத்தெட்டு வயதில் ஓர் உடற்கல்வி ஆசிரியர் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருப்பார்.

பவன் செஹ்ராவத் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 2.26 கோடி கொடுத்து எடுத்த தமிழ் தலைவாஸுக்கு அவர் ஆடிய முதல் ஆட்டத்திலேயே, தொடக்கச் சில நிமிடங்களிலேயே முழங்கால் போயிற்று. அந்த சீசன் முழுக்க வெளியே. ரசிகர்கள் தலையில் கை வைத்தார்கள். ஆனால் நடந்தது வேறு. நரேந்தர் என்ற புதுப் பையன், இளம் வீரர் திட்டத்தில் குறைந்த சம்பளத்துக்கு வந்தவர், 200-க்கும் மேற்பட்ட ரெய்டு புள்ளிகள் எடுத்தார். அதுவரை பட்டியலின் அடியிலேயே கிடந்த அணி முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. அணிக்கு அது இனிய செய்தி. ஒரு ரெய்டருக்கு அதைவிடக் கசப்பான செய்தி இருக்க முடியாது. நாட்டிலேயே விலை உயர்ந்தவனின் இடத்தை ஒரு புதுமுகம் ஒரே சீசனில் நிரப்பிவிடலாம் என்று எல்லா முதலாளிகளும் அன்று கற்றுக்கொண்டார்கள்.

தமிழ் தலைவாஸ் அணியில் தமிழர்கள் எங்கே என்ற குறை 2017-ல் அணி உருவானதிலிருந்தே உண்டு. அப்போது சச்சின் டெண்டுல்கர் பங்குதாரர், கமல்ஹாசன் தூதர், கேப்டன் இமாச்சலத்து அஜய் தாக்கூர். ஊர்ப் பெயரைச் சுமக்கும் அணியில் ஊர்க்காரன் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் ஏலம் என்பது திறந்த சந்தை. யார் எங்கே பிறந்தார் என்பதற்கு அதில் இடமில்லை. குறை சொல்ல வேண்டுமானால் சந்தைக்கு வருமுன் நாம் எத்தனை பேரைத் தயார் செய்தோம் என்பதில் தொடங்க வேண்டும். ஹரியானாவில் ஒரே மாவட்டத்திலிருந்து ஏலத்துக்கு வருகிறவர்களை எண்ணினாலே நம் மேற்கு மாவட்டங்கள் அத்தனையும் சேர்ந்தாலும் ஈடாகாது.

வந்தவர்களும் இருக்கிறார்கள். சேலம் மாவட்டத்துக் கே. பிரபஞ்சன் கொங்குப் பக்கத்திலிருந்து இந்த லீக்கில் நின்று ஆடிய ரெய்டர். 2019-ல் கோப்பை வென்ற பெங்கால் வாரியர்ஸ் அணியில் இருந்தார். 2021 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அவரை 71 லட்சத்துக்கு எடுத்தது. குஜராத், பெங்கால், தமிழகம், ஹரியானா என்று மாறி மாறி ஆடியவர். எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படுவது பிரபஞ்சன்தான், நர்வால் அல்ல. கோடியைத் தொடாமல், போஸ்டரில் பெரிதாக வராமல், பல சீசன் ஓர் அணிக்கு இரண்டாவது ரெய்டராகப் பயன்படுகிறவன் எப்படி வாழ்கிறான் என்பதில்தான் இது தொழிலா இல்லையா என்பது தெரியும். அவருக்கும் ஒவ்வொரு ஏலமும் புதுத் தேர்வு. போன வருடப் புள்ளிகளை வைத்து இந்த வருடம் உறுதி கேட்க முடியாது. கொரோனாவால் 2020-ல் லீக்கே நடக்கவில்லை. பத்து வருட ஆயுளில் ஒரு வருடம் அப்படியே போயிற்று.

இப்போது மூட்டு. மண் களத்தில் வெறுங்காலோடு ஆடும்போது கால் கொஞ்சம் வழுக்கும், அந்த வழுக்கல் ஒரு பாதுகாப்பு. லீக் ஆடும் 'மேட்' விரிப்பில் ஷூ ஒட்டிக்கொள்கிறது. பாதம் நின்றுவிட, உடம்பு திரும்ப, இடையில் முழங்கால் முறுக்கு வாங்குகிறது. கணுக்காலைப் பிடித்த தடுப்பாளர் ஒரு பக்கம் இழுக்க, தொடையைப் பிடித்தவர் மறுபக்கம் தள்ள, உள்ளே இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழிகிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு களத்துக்குத் திரும்பக் குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒன்பது மாதம், அதுவும் ஒழுங்கான பிசியோதெரபி இருந்தால். லீக் வீரருக்கு அணி நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். ஊர்ப் போட்டியில் கிழிந்தவன் முதலில் கட்டுப் போடப் போவான், எலும்பு முறிவு இல்லை என்று சந்தோஷப்படுவான், வீக்கம் வடிந்ததும் மறுபடி பாடிப் போவான். இரண்டாவது முறை கால் மடங்கும்போதுதான் ஸ்கேன் எடுப்பான். அதற்குள் மூட்டுக்குள் குருத்தெலும்பும் தேய்ந்திருக்கும். இருபத்திரண்டு வயதில் ஆட்டம் முடிந்த ரெய்டர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நின்று வேலை பார்க்கிறார்கள். நின்று பார்க்கிற வேலை, அதே முழங்கால்.

சம்பளப் பட்டியல்

ஆக, பழைய பதிலுக்கு வருவோம். வேலை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, காவல்துறை, வருமான வரி, வங்கிகள் விளையாட்டுப் பிரிவில் ஆள் எடுக்கின்றன. லீக்கில் கோடி வாங்கிய பவன் செஹ்ராவத்தே ரயில்வே ஊழியர்தான். ஏலத்தில் எத்தனை சம்பாதித்தாலும் அரசு வேலையை விடாமல் வைத்திருப்பவர்களே அதிகம். வீரர் சங்கமும் ஓய்வூதியமும் இல்லாத லீக்கில் ஓய்வூதியத்துக்கு அவர்கள் கண்ட வழி அது. அமெரிக்க ரிசீவருக்குச் சங்கம் கொடுப்பதை இங்கே தென்னக ரயில்வே கொடுக்கிறது என்றால் மிகையில்லை.

சிக்கல் எங்கே என்றால், அந்த ஒதுக்கீட்டுக்குத் தகுதி பெரும்பாலும் தேசிய, சர்வதேசப் பதக்கங்களிலிருந்து வருகிறது. மாநில அணியின் பன்னிரண்டு பேருக்குள் இடம் பிடிக்க வேண்டும், அந்த அணி தேசியப் போட்டியில் ஏதாவது வெல்ல வேண்டும். தனிமனித விளையாட்டில் ஒருவன் ஓடிய நேரம் அவனுடையது. கபடியில் நீ இருபது புள்ளி எடுத்தாலும் அணி காலிறுதியில் தோற்றால் சான்றிதழ் வெறும் பங்கேற்புச் சான்றிதழ். அத்துடன் சங்கங்களின் அரசியல். அகில இந்திய அமெச்சூர் கபடிச் சம்மேளனத்தின் தலைமையை 2018-ல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்து நிர்வாகியை நியமித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகத்திடம் பொறுப்பை ஒப்படைக்க உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில்தான் உத்தரவிட்டது. இடைப்பட்ட ஆறரை ஆண்டு என்பது ஒரு ரெய்டரின் ஆட்ட வாழ்வில் பாதிக்கும் மேல்.

பெண்களுக்கு இந்த ஏணியில் புரோ கபடி ஏலம் என்ற கிளையே இல்லை. 2016-ல் நான்காவது சீசனோடு சேர்த்து மூன்று அணிகளை வைத்து ஒரு மகளிர் போட்டி நடத்தினார்கள், அதைத் தொடரவில்லை. இத்தனைக்கும் 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண்கள் சீன தைபேயை 26–25 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற மகளிர் அணியில் சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா துணைக் கேப்டன். ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். அரசு இருவருக்கும் ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. அபினேஷுக்கு அடுத்து ஏலம் காத்திருக்கிறது. கார்த்திகா எத்தனை புள்ளி எடுத்தாலும் அவரை விலைக்குக் கேட்கப் புரோ கபடியில் ஓர் அணி இல்லை. அன்னூர், அவிநாசிப் பக்கத்துப் பள்ளிகளில் மைதானத்துக்கு வரும் பெண் பிள்ளைகளின் பெற்றோர் "கபடி சோறு போடுமா" என்று கேட்பதில்லை. "எத்தனாவது வரைக்கும் ஆடலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். பன்னிரண்டாவது என்பது வழக்கமான பதில்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், நான் லீக்கிலிருந்து தொடங்க மாட்டேன். கீழேயிருந்து தொடங்குவேன். மின்னொளிப் போட்டிக்குக் காவல்துறை அனுமதி வாங்கும்போதே வீரர்களுக்கு ஒரு நாள் காப்பீடும் ஆம்புலன்சும் கட்டாயம் என்று வைத்தால் நுழைவுக் கட்டணத்தில் சில நூறு ரூபாய் கூடும், அவ்வளவுதான். இரண்டாவது, ஒரே இரவில் கோப்பை கொடுத்து முடிக்காமல், மேற்கு மாவட்டங்களுக்குள் மாதக் கணக்கில் ஓடும் ஒரு லீக். இளம் வீரர்களுக்காக 2022-ல் தொடங்கிய யுவா கபடித் தொடரில் பழனி டஸ்கர்ஸ், நீலகிரி நைட்ஸ் என்று அணிகளுக்குப் பெயர் வைத்தார்கள். பெயரில் மட்டும் நம் மலைகள் இருந்தால் போதாது. கோவை, திருப்பூர், ஈரோட்டில் கூடைப்பந்துக்கு இத்தனை காலம் கொடுத்ததில் ஒரு பங்கைக் கொடுக்க எட்டு மில்கள் முன்வந்தால், எட்டு அணிக்குச் சம்பளம் வாங்கும் நூறு பேர் கிடைப்பார்கள். ஷிப்டையும் அவர்களே மாற்றிக்கொடுக்கலாம், மில் அவர்களுடையதுதானே.

பையன்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. அதைப் பழைய பயிற்சியாளர்கள் எப்போதும் சொல்வார்கள்: "பாடிப் போறது மட்டும் பத்தாது தம்பி, பிடிக்கவும் கத்துக்கோ." தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் கார்னரில் நின்று பிடித்தவர். 1975-ல் பிறந்தவர். லீக் தொடங்கியபோதே வயது 39. பெரும்பாலான ரெய்டர்கள் அந்த வயதில் பழைய ஆட்டங்களைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் 2016-ல் பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கினார், அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் ஆடினார். 2019-ல் 44 வயதில் ஹரியானா ஸ்டீலர்ஸுக்குக் கேப்டன். தடுப்பாளர் காத்திருந்து பிடிக்கலாம், வேகம் குறைந்தாலும் கணிப்பு கைகொடுக்கும். ரெய்டருக்கு அந்த வசதி இல்லை. வேகம் கால் விநாடி குறைந்தாலும் கணுக்கால் மாட்டிக்கொள்ளும். 2024-ல் சேரலாதன் தமிழ் தலைவாஸின் பயிற்சிக் குழுவுக்கு வந்தார். பிரதீப் நர்வால் ஓய்வு பெற்ற 28 வயதில், அதாவது 2003-ல், சேரலாதனின் லீக் வாழ்க்கை தொடங்கவே இன்னும் 11 ஆண்டு பாக்கி இருந்தது.